அத்தை வைத்த பத்தியம்

தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது எங்கள் வீட்டுச் சமையல் முழுவதும் அத்தையின் ஆட்சியில் இருந்தது. அத்தை நைனாவுக்கு அக்கா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் இறந்தபின் கல்மண்டபத்துச் சந்தில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். பிள்ளை இல்லாதவள்.

எந்தச் சாப்பாட்டின் மீதும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. கீரை குளிர்ச்சி. முட்டை சூடு. மீன் தின்றால் பிள்ளைக்குக் கரப்பான் சொறி வரும், பால் குடித்தால் சளி கட்டும். ஈரலின் பெயரைச் சொல்வதே தப்பு. காசிமேட்டு மீன் வாசம் வீட்டுக்குள் வீசும் இடத்தில் குடியிருந்துகொண்டு, அம்மா மாதக்கணக்கில் சோறும் மிளகு ரசமும் சுட்ட அப்பளமுமாகக் காலம் தள்ளினாள். குடிக்க, பால் விடாத காப்பித்தண்ணீர். அத்தை அருமையாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று சந்தே மெச்சியது.

ஒருநாள் விளக்கு வைத்த பிறகு அம்மா எனக்குச் சோறு போட்டாள். குழம்பு தட்டில் விழாமல் தரையில் விழுந்தது. நான் சிரித்தேன். அம்மா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதடி. பொழுது சாஞ்சா எனுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது. யார் கைலயும் சொல்லாத. நைனா கைல சொல்லவே சொல்லாத."

"ஏம்மா?"

"குருட்டுப் பொண்ண கட்டி வச்சிட்டாங்கன்னு பேசுவாங்க."

அன்றிலிருந்து சாயங்காலம் நான் விளையாடப் போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவருவேன். அத்தைக்குத் தெரியாமல், அம்மா கை வைக்கிற இடத்தில் சொம்பை நகர்த்தி வைப்பேன். நைனா துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு இருட்டியபின் வருவார். அதற்குள் அம்மா படுத்துவிடுவாள். பிள்ளைத்தாய்ச்சி அசதி என்று அவர் நினைத்துக்கொள்வார். அந்த இருட்டு ஒருநாள் விடிந்த பிறகும் போகாமல் தங்கிவிடும் என்பதுதான் என் பயம். அதனால் காலையில் எழுந்ததும், "என் பாவாடை இன்னா கலருமா?" என்று கேட்பேன். எனக்கு இருந்தது இரண்டே பாவாடை. அம்மா பார்க்காமலேகூடச் சொல்லிவிடலாம் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. பிறகு விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னேன்.

கொருக்குப்பேட்டையில் பெரியம்மா பிள்ளைக்குக் காது குத்தினார்கள். அம்மாவும் நானும் போனோம். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குத் திரும்பக் கிளம்பிவிட்டோம். ஆனால் மழை மூட்டம் போட்டு, தண்டவாளங்களைத் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது. பாதி தாண்டியதும் அம்மா நின்றுவிட்டாள்.

"வாம்மா."

"எங்கடி கால வெக்கறது? ஒண்ணுமே தெரியலியே."

தூரத்தில் கூட்ஸ் வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எந்தத் தடத்தில் வருகிறது என்று எனக்கும் தெரியவில்லை. நான் கீழே உட்கார்ந்து, அம்மாவின் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கித் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வைத்தேன். பிறகு மற்றக் காலை. வீங்கியிருந்த அந்தக் கால்கள் கல்லாய்க் கனத்தன. "யாரும்மா அது? இன்னா நின்னுகினு கீற?" என்று கத்திக்கொண்டே ஒரு ரயில்வே ஆள் லாந்தரோடு ஓடிவந்து, அம்மாவைத் தோளோடு அணைத்து இழுத்துப்போனார். நாங்கள் நின்ற தடத்தில் வண்டி நகர்ந்து போனது. அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளே தம்பி உதைப்பது என் காதில் பட்டது.

அன்று ராத்திரி நைனா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நைனா கோபப்படவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இத்தினி நாளா ஏம்மே சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அத்தைதான் எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். லேடி டாக்டர் அம்மாவின் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடறே?" என்றார். அம்மாவை முந்திக்கொண்டு அத்தை தன் பத்தியத்தைப் பெருமையோடு ஒப்பித்தாள். டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இது மாலைக்கண். இப்பவே வந்தது நல்லதாப் போச்சு. வயித்துல வளர்ற பிள்ளைக்கும் சேர்த்து இவதான் சாப்பிடணும். நீங்க ஒதுக்கினதெல்லாம்தான் இவ கண்ணுக்கு மருந்து. கீரை, முட்டை, பால், மீன், ஈரல், எல்லாம் குடுங்க."

மீன் எண்ணெயும் ஒரு புட்டியில் கொடுத்தார்.  திரும்பும் வழியிலேயே அத்தை முருங்கைக்கீரை வாங்கினாள். அடுத்த நாள் கறிக்கடைக்கும் அவளேதான் போனாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு ஈரலை வதக்கினாள். அம்மா தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம், "அங்க எறும்பு ஊருது பாரு" என்று அம்மா சொன்னாள். நான் குதித்தேன்.

மறுபடியும் கண்ணைக் காட்டப் போனபோது டாக்டருக்கும் சந்தோஷம். அம்மா வெளியே போய்விட்டாள். அத்தை என் கையைப் பிடித்தபடி வாசற்படி வரை வந்தவள், திரும்பினாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். பப்பாளி தின்னா வயித்துல கீறது கலைஞ்சு பூடுமா?"

"பழுத்ததா?"

"நல்லாப் பழுத்தது. ஒரே ஒரு துண்டு."

"அதனாலெல்லாம் கலையாதும்மா. யாரு தின்னது?"

"எங்க தெருவுல ஒருத்தி. ரொம்ப நாளாச்சு."

வராந்தாவுக்கு வந்ததும் அத்தை பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"அம்மாவுக்குத்தான் கண்ணு சரியாப் பூட்ச்சே அத்தை. ஏன் அழுவுற?"

அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாண்டி கண்ணு, சரியாப் பூட்ச்சு" என்றாள்.

அம்மாவைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.