கட்டில் பக்கம் சாயும் தண்ணீர்

பெரிய மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். எல்லோரும் 'லெவல்' என்றே கூப்பிடுவார்கள். அந்த லிஃப்ட் தானாக நிற்காது. கைப்பிடியைச் சரியான சமயத்தில் திருப்பினால்தான் தளத்தோடு தளமாகப் பொருந்தும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் ஒரு சிறிய படி விழும். ஸ்ட்ரெச்சரின் சக்கரம் அதில் முட்டும், மேலே கிடப்பவர் குலுங்குவார். அவர் கையில் யாரும் குலுங்கியதில்லை. இதைச் சாதனை என்று சொல்ல மாட்டேன். ஒரே காரியத்தை வருஷக்கணக்கில் அலட்சியம் இல்லாமல் செய்கிறவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவை தவறியது. அன்று ஸ்ட்ரெச்சரில் கிடந்தது அவருடைய மனைவி. உயிர் போன பிறகு மேல் வார்டிலிருந்து கீழே கொண்டுவந்தார்கள். இன்று வேறு ஆள் ஓட்டட்டும் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கீழ்த்தளத்தில் லிஃப்ட் ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது. சக்கரம் முட்டியது. போர்வைக்குள் அவள் தலை மெதுவாக அவர் நின்றிருந்த பக்கம் சாய்ந்தது. நர்ஸ் அதை நேராக்கக் கையை நீட்டினாள். "இருக்கட்டும்" என்றார்.

அவள் விட்டுப்போனது ஒரு தங்கமீன். வாங்கும்போது சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்ததாம். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ந்து, கிண்ணம் போதாமல் பிளாஸ்டிக் வாளிக்கு மாறி, வாளியிலும் திரும்ப முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது. பெரிய கண்ணாடித் தொட்டி வேண்டும், கட்டிலில் படுத்தபடியே பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வாங்கலாம், வாங்கலாம் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவள் போன பிறகு தொட்டி தானாக வந்தது. மூடப்போகிற ஒரு சலூனில் கிடந்ததை, எடுத்துப் போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். வைக்கத்தான் ஸ்டாண்ட் இல்லை. இரும்பு ஸ்டாண்ட் கடையில் கிடைக்கும். அவர் கடைக்குப் போகவில்லை.

வீட்டில் ஒற்றைக் கட்டில்கள் இரண்டை ஒட்டிப் போட்டிருந்தார்கள். சுவரை ஒட்டியது அவருடையது. மற்றதைப் பிரித்தார்.

அவருடைய தங்கை அடுத்த தெருவில் இருந்தாள். அண்ணன் சாப்பிட்டானா என்று பார்க்க வந்தவள், சட்டங்கள் தனித்தனியாகத் தரையில் கிடப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணி படுத்த கட்டிலுண்ணா."

"தெரியும். நல்ல மரம்."



அவர் தச்சர் இல்லை. ஆனால் அவசரப்படாதவர். கட்டிலின் நாலு கால்களையும் அப்படியே வைத்துக்கொண்டார். நீளச் சட்டங்களைத் தொட்டியின் அளவுக்கு அறுத்துக் கால்களோடு ஆணி அடிக்காமல் திருகினார். தொட்டி நிறைந்தால் எத்தனை வாளித் தண்ணீரின் கனம் என்று யோசித்து, அடியில் குறுக்குச் சட்டம் இரண்டு கொடுத்தார். தலைப்பலகையை மேலே பரப்பி, கண்ணாடி உறுத்தாமல் இருக்கத் தெர்மாகோல் விரித்தார். லிஃப்ட் பழுதுபார்க்க வருகிறவரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. மனைவியின் கட்டில் இருந்த அதே இடத்தில், தொட்டியின் ஒரு முனை தன் தலைமாட்டைப் பார்க்கும்படி ஸ்டாண்டை நிறுத்தினார்.

தண்ணீர் ஊற்ற ஊற்ற மரம் கனத்தை வாங்கியது. கடைசி வாளியில் ஒரு முறை முனகியது. அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் படுக்கையில் புரளும்போது கேட்கும் சத்தம்.

தண்ணீர் விளிம்புக்கு நேராக நின்றது. கொஞ்ச நாள்தான். பிறகு அவர் கண்ணுக்கு அது உறுத்த ஆரம்பித்தது. வாசல் பக்கம் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தது. கட்டில் பக்கம் குறைந்திருந்தது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, கட்டில் பக்கக் கால்களுக்கு அடியில் மெல்லிய மரச்சில்லுகளைச் செருகினார். தண்ணீர் நேரானது. சில வாரத்தில் மறுபடி சாய்ந்தது. மறுபடி செருகினார்.

தங்கையின் கணவர் வாயை மூடத் தெரியாதவர். பார்த்துவிட்டுச் சிரித்தார். "மச்சான் இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் ஆப்பு வெச்சதில்ல. கடைசியில அக்கா கட்டிலுக்கே வெக்கிறாரு."

யாரும் சிரிக்கவில்லை. தங்கையின் கணவரே பேச்சை மாற்றி, மீனைக் காட்டினார். அது கட்டில் பக்கத்து முனையில், கண்ணாடியில் மூக்கு ஒட்ட, தலையணையைப் பார்த்தபடி நின்றது. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. எப்போது வந்தாலும் அது அங்கேயே நிற்பதாகத் தங்கை சொன்னாள்.

"இதுல என்ன இருக்கு? அந்தப் பக்கம் ஆழம் ஜாஸ்தி. ஆழத்துலதானே மீன் நிக்கும்" என்றார் கணவர். அது நியாயமாக இருந்ததால் தங்கைக்கு நிம்மதி.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம். அண்ணன் சில்லு செருகுவதை நிறுத்திவிட்டார். இடைவெளி வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதானது. வேலைக்குப் போய் வந்ததும் அவர் கட்டிலில் ஒருக்களித்து, தொட்டிப் பக்கம் முகம் வைத்துப் படுத்துக்கொள்வார். பொழுது சாய்ந்து சூடு இறங்கும் நேரத்தில் ஸ்டாண்ட் முனகும். பேசிக்கொண்டிருந்தாலும் அந்த நேரம் பேச்சை நிறுத்திவிடுவார். எதிரே இருப்பவரும் நிறுத்த வேண்டியிருக்கும். நன்றாகச் சாப்பிட்டார். முகம் தெளிந்திருந்தது. தங்கையைப் பயமுறுத்தியது அந்தத் தெளிவுதான்.

அவள் ஒரு கொத்தனாரை அழைத்து வந்தாள். தண்ணீரைப் பார்த்ததும் கொத்தனார் தொட்டியை விட்டுவிட்டுத் தரையில் முட்டி போட்டார். ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போனார். சுவரை நெருங்க நெருங்கச் சத்தம் மாறியது. கட்டிலுக்கு அடியில் தட்டியபோது பானையைத் தட்டியது போல இருந்தது. வெளியே பழைய சாக்கடை உடைந்திருக்க வேண்டும், அடி மண் கரைந்து போய்விட்டது, ஸ்டாண்டில் குற்றம் இல்லை, தரைதான் இறங்குகிறது என்றார். இந்த அறையில் இனி யாரும் படுக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

தரை சமமாக இருக்கிறது என்பது நாம் யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு நம்பிக்கை. அதன் மேல்தான் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கிறோம். கொத்தனார் சொன்ன பிறகாவது அண்ணன் கிளம்புவார் என்று தங்கை எதிர்பார்த்தாள். அவர் காலணியைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் எத்தனையோ சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கடைசியில், தனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அண்ணிதாண்ணா தண்ணியக் காட்டுறாங்க. இங்க இருக்காத, போயிடுன்னு சொல்றாங்க. உனக்குப் புரியலையா?"

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகச் சொல்றாளா, வரச் சொல்றாளா? அதுதாம்மா எனக்குத் தெரியல."

தங்கை மீனைப் பிடித்து வாளியில் விட்டாள். தொட்டித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு முற்றத்தில் கொட்ட ஆரம்பித்தாள். அவர் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து ஸ்டாண்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

அவள் வீட்டு மாடியறையில் எல்லாம் முன்பு இருந்தபடியே வைக்கப்பட்டன. சுவரை ஒட்டிக் கட்டில், அதன் பக்கத்தில் ஸ்டாண்ட், தலைமாட்டைப் பார்த்துத் தொட்டி. பழைய வீட்டில் சுவரோரத் தரை ஒரு பகலில் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. கட்டில் கிடந்த நீளத்துக்குப் பள்ளம். போய்ப் பார்த்துவிட்டு வந்த தங்கையின் கணவர் அன்று முழுக்க யாரையும் கிண்டல் செய்யவில்லை.

மாடியறைத் தரையில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் கோடு போட்டது போல நேராக நின்றது. மீன் தொட்டி முழுக்க அலைந்தது. வாசல் பக்கம், ஜன்னல் பக்கம், எங்கே பார்த்தாலும் திரிந்தது. "நான் சொன்னேன்ல" என்றார் தங்கையின் கணவர்.

அண்ணன்தான் தேய்ந்துகொண்டே போனார். தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். தொட்டிக்கு முதுகைக் காட்டிப் படுப்பார். மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்து, 'லெவல்' இப்போதெல்லாம் லிஃப்டைத் தாழ்த்தி நிறுத்துகிறார், சக்கரம் முட்டுகிறது, உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார். உயிரோடு கொண்டுவந்தோம் என்று தங்கை நினைத்திருந்தாள். கொண்டுவந்தது எது என்று இப்போது அவளுக்கே சந்தேகம்.

அவருக்கு லீவாக இருந்த ஒரு மத்தியானம், மாடியில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ரம்பம் இழுக்கும் சத்தம். அவள் படியேறப் போனாள். பாதியில் திரும்பி வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவர் கீழே இறங்கி வந்து, பசிக்கிறது என்றார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு தங்கையும் கணவரும் மாடிக்குப் போனார்கள். தண்ணீர் கட்டில் பக்கம் சாய்ந்திருந்தது. மீன் அந்த முனையில், தலையணையைப் பார்த்தபடி. தரையில் மரத்தூள் கூட்டப்படாமல் கிடந்தது. ஜன்னல் ஓரத்தில் இரண்டு மரவில்லைகள். கட்டில் பக்கத்துக் கால்கள் இரண்டிலிருந்தும் அறுத்தவை. ஒரு விரற்கடை கனம்.

"இவ்வளவுதானா" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். மனசு லேசானது. அவராகச் செய்ததுதான். வேறு ஒன்றும் இல்லை.

கணவருக்குத்தான் பயம். ஒரு பக்கமே கனம் நின்றால் கண்ணாடி விரிந்துவிடும் என்றார். கடப்பாரையை நுழைத்து ஸ்டாண்டை லேசாக நெம்பினார். அவள் வில்லைகளை ஒவ்வொன்றாகக் காலுக்கு அடியில் தள்ளினாள். அறுத்த இடம் அச்சாகப் பொருந்தியது. மரம் முனகி அடங்கியது. தண்ணீர் கொஞ்சம் ஆடி, நேராக நின்றது.

இருவரும் தரையில் உட்கார்ந்து மீனைப் பார்த்தார்கள். ஆழம் இப்போது எங்கும் ஒன்றுதான். அலையத் தொடங்கும் என்று காத்திருந்தார்கள். கணவர் வாசல் பக்கத்துக் கண்ணாடியை விரலால் தட்டினார். அந்தப் பக்கத்தில் ஒரு சிட்டிகை தீனியும் தூவினார். தீனி ஊறி, மெல்ல அடியில் போய்ப் படிந்தது. மீன் நகரவில்லை. காலியான கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றது.

வெயில் ஜன்னலை விட்டு விலகிவிட்டது. தங்கை தன் கணவரைப் பார்த்தாள். ஏதாவது சொல்வார் என்று நினைத்தாள்.

"எடுத்துடு" என்றார் அவர். "அந்தக் கட்டைங்கள எடுத்துடு. எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும்."

அவர் நெம்ப, அவள் உருவினாள். தண்ணீர் பழையபடி சாய்ந்தது. மீன் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் இப்போது அங்கே ஆழம் இருந்தது.

அன்றிலிருந்து மீனுக்குத் தீனி போடுவது தங்கைதான். கட்டில் பக்கம் மட்டுமே போடுவாள்.