அலுமாரிக்குப் பின்னால் ஓதிய யாசீன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தயங்கினேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வத்தேகமையில் பழக்கடை வைத்திருப்பவன். ஆனால் மகளின் காரியம் வாய்க்கு வாய் மாறிப்போய்க் கிடப்பதால், அல்லாஹ்வை முன்வைத்து நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாதியர் பட்டப்படிப்புக்கு மகளுக்கு நேர்முகத் தேர்வு வந்தது. வீட்டிலிருந்தபடியே இணையத்தில். மச்சானிடம் லேப்டொப் இரவல் வாங்கினோம். அறையில் வேறு யாரும் இருந்தால் விண்ணப்பம் தள்ளப்படும் என்று கடிதத்தில் இருந்ததை மகள் இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். நானும் தலையாட்டினேன்.

எனக்கொரு வழக்கம். பிள்ளைகள் எந்தச் சோதனைக்குப் போனாலும் பாடசாலை மதிலோரம் நின்று, அவர்கள் எழுதி முடிக்கும்வரை குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவேன். இப்போது சோதனை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மதிலுக்கு எங்கே போவேன்? மகள் கைகால் முகம் கழுவி உளூச் செய்யப் போன நேரம் பார்த்து அலுமாரிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். அந்தச் சட்டம் பதில் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத்தான், இங்கிலீஷ் தெரியாத என்னைக் கட்டுப்படுத்தாது என்று எண்ணினேன்.

திரையில் மூன்று பேர். கால்மணி நேரம் நன்றாகத்தான் போனது. நான் மெதுவாக ஓதுவதாகத்தான் நினைத்திருந்தேன். திடீரென்று பேச்சு நின்றது. மூவரில் ஒரு அம்மா யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார்:

"பிள்ளை, அங்க ஆரோ கதைக்கிற சத்தம் கேக்குது. கமராவை ஒருக்காச் சுத்திக் காட்டுங்கோ."

மகள் லேப்டொப்பைத் தூக்கி அலுமாரியின் பின்பக்கம்வரை சுற்றிக் காட்டினாள். தொப்பியும் இடுப்பில் கட்டிய சாரமுமாக நான் அகப்பட்டேன். அவள் பாடுபட்டுப் படித்ததையெல்லாம் ஒரு நிமிடத்தில் மண்ணாக்கிவிட்டேனே.

மகள் மறைக்கவில்லை. "என்ட வாப்பா, மெடம். எனக்காக ஓதுறாரு. இங்க ஈக்கிறது எனக்கும் தெரியாது" என்றாள்.

மூவரும் தமக்குள் ஏதோ பேசினார்கள். பிறகு அந்த அம்மா, வார்ட்டிலும் நோயாளியின் சொந்தக்காரர் இப்படித்தான் நகராமல் இருப்பார், அவரை எப்படி அனுப்புவீர்கள், இப்போதே செய்து காட்டுங்கள் என்றார்.

மகள் வந்து என் முன்னால் தரையில் அமர்ந்து கையைப் பிடித்தாள்.

"வாப்பா, ஓதுறத நிப்பாட்ட வாணாம். உம்மா குசினியில தனியப் பயந்துபோய் ஈக்கிறா. அவட பக்கத்துல இருந்து ஓதுங்க. முடிஞ்சதும் மொதல்ல ஒங்களுக்குத்தான் வந்து விஷயத்தச் செல்லுவேன்."

எழும்பினேன்.

"போகேக்க கதவையும் சாத்திப்போட்டுப் போங்கோ, ஐயா" என்றார் அந்த அம்மா. மற்ற இருவரும் சிரித்தார்கள்.

குசினியில் அடுப்பருகே விஷயத்தைக் கேட்ட என் மனைவி தலையில் கைவைத்தாள். பிறகு சொன்னாள்: "இருவத்தஞ்சி வருஷமா ஒங்கள ஒரு எடத்துல இருந்து எழுப்ப எனக்கு ஏலாமப் போச்சு. அவ எழுப்பிட்டாளே, அதுக்கே பட்டம் குடுக்கணும்."

அதன்பின் கடிதம் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இடம் கிடைத்தது. இப்போது மகள் மூன்றாம் வருடம்.

சந்தையில்தான் கதை வளர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டு, "காக்கா, அலுமாரிக்குள்ள இருந்து இங்லீசுல வெளுத்து வாங்கினீங்களாமே" என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தாலும், மகளின் உழைப்பு அதில் களவு போகிறது. கொடுத்தவன் அல்லாஹ், பாடுபட்டவள் அவள், பிழை செய்தவன் நான்.

யாருக்காவது இதைச் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். நான் அலுமாரிக்குப் பின்னால் இருந்தேன், உள்ளே அல்ல. ஓதினேன், பதில் சொல்லவில்லை. மகள் சொன்னாள், எழும்பிப் போனேன். இவ்வளவுதான்.