பொட்டுக்கு அடியில்

அந்தப் பட்டியலை யாரும் என் தலையில் கட்டவில்லை, நானே இழுத்துப் போட்டுக்கொண்டது. ஒரே இணைய லைனைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர் பெட்டிக்குள் கம்பெனிக்காரன் வைத்த மென்பொருளை எடுத்துவிட்டு, யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் ஃபர்ம்வேரைப் போடலாம். எந்த மாடலுக்கு அது ஒத்துவரும், எதில் போட்டால் பெட்டி செத்துவிடும் என்று இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. அதை ஒழுங்குபடுத்துவது என் வேலை.

பகலெல்லாம் விருத்தாசலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஊர் செராமிக் பட்டறைகளின் மண்தூசி. சாயங்காலம் இந்தப் பட்டியல். ஒருவர் "வேலை செய்கிறது" என்று எழுதுவார், இன்னொருவர் அதே மாடலுக்கு "செத்துவிட்டது" என்பார். இரண்டு பேருமே வெர்ஷன் எண்ணைச் சொல்ல மாட்டார்கள். பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள் என்று எழுதி எழுதி எனக்கு வெறுத்துவிட்டது.

என் கடைக்கு எதிர் வரிசையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பெண் அதே பட்டியலைப் பார்த்துத் தன் ரவுட்டருக்குத் தானே ஃபர்ம்வேர் போட்டார். பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முதல் நாள். அவர் கடை வருஷம் பூராவும் காத்திருப்பது அந்த ஒரு நாளுக்குத்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"உங்க லிஸ்ட்ட நம்பித்தானேண்ணே போட்டேன்? வெர்ஷன் ரெண்டுக்கு ஓகேன்னு இருக்குது. இப்ப ஒரு லைட்டுகூட எரியல. நாளைக்கு கம்மாபுரத்துலேருந்தெல்லாம் புள்ளைங்க வருவாங்க. நான் என்ன சொல்லி அனுப்புறது?"

எனக்குச் சுருக்கென்றது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். வெர்ஷன் 2 ஒத்துவரும், 2.2 ஒத்துவராது. சரியாகத்தான் இருந்தது. பெட்டியைத் திருப்பினேன். அடியில் ஒட்டிய தாளில், எண்ணின் மேலேயே, காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

"ஆயுத பூஜைக்கு வெச்சதுண்ணே. மேல பூரா ஓட்டையா இருந்துச்சு. உள்ள கொட்டிடுமேன்னு கீழ வெச்சேன்."

நகத்தால் சுரண்டினேன். இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில் இன்னோர் இரண்டு.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என் பட்டியல் ஜெயித்துவிட்டது, எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

மறுநாள் ரவுட்டர் இல்லாமல், லைன் வரும் மோடத்தை ஒரே ஒரு கம்ப்யூட்டரில் நேராகச் செருகினோம். மற்றவை சும்மா கிடந்தன. வரிசை நகரவில்லை. பாதிப் பிள்ளைகள் அடுத்த சென்டருக்கு நழுவினார்கள். "போயி பாருங்க கண்ணுங்களா, இங்க லேட்டாவும்" என்று அவரே வழி சொல்லி அனுப்பினார். எனக்குத்தான் பார்க்கத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் பட்டியலின் தலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன், பொட்டை மட்டும் தமிழாகவே விட்டு: தாளில் பொட்டு இருந்தால் துடைத்துவிட்டு எண்ணைப் படிக்கவும். பொட்டு என்பது எந்தக் கம்பெனியின் உதிரிபாகம் என்று எந்த நாட்டுக்காரரோ கேட்டிருந்தார். விளக்கத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கிக்கொள்ள பிரவுசிங் சென்டர் பெண் கூப்பிட்டார். புது ரவுட்டர் சுவரில் தொங்கியது. அதில் பொட்டே இல்லை. பக்கத்துச் சுவரில் இருந்தது.

"நம்பரு மறையக் கூடாதுல்லண்ணே. அதான் செவுத்துல வெச்சேன்."

பொட்டுக்குக் கீழே வெர்ஷன் எண்ணைச் சாக்பீஸால் முழுசாக எழுதியிருந்தார். நடுவில் இருந்த புள்ளி, பொட்டளவு பெரிதாக இருந்தது.