மானேஜர் அனுப்பிய வானிலை மெயில்

போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது, கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் 'அண்டர் த வெதர்' என்று எழுதி லீவு கேட்டேன். உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

எங்கள் மானேஜருக்கு அது தெரியவில்லை. நான் திரும்பி வந்த அன்று, அசெம்பிளி லைனில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஏம்மா, மழைக்குப் பயந்தா லீவு போட்ட? குடை வாங்கித் தரட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அர்த்தத்தை விளக்காமல் நான் என் வேலையைத் தொடங்கினேன்.

இன்று ஆடிட்டுக்கு வரவேண்டிய பெங்களூர் கஸ்டமர், தானும் 'அண்டர் த வெதர்' என்று சொல்லி, வேறு தேதி கேட்டு மெயில் போட்டிருந்தார்.

மானேஜர் பதில் அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஸ்பெல்லிங் மட்டும் பாரும்மா."

ஓசூரில் மழையே இல்லை, நல்ல வெயில், தைரியமாகக் கிளம்பி வாருங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எம்.டி.க்கும் ஒரு நகல் போட்டிருந்தார்.

ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினேன். "சூப்பர் சார், அனுப்புங்க."

பத்தே நிமிடத்தில் எம்.டி. அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"தெரிஞ்சேதான் விட்டியாம்மா?"

"ஸ்பெல்லிங் மட்டும்தானே சார் பாக்கச் சொன்னீங்க?"

பாவம் என்று நினைக்கப் பார்க்கிறேன், மனசு வரமாட்டேன் என்கிறது. உங்களுக்கு வருகிறதா?