இடது பக்கம் கேக்கல

போன ஞாயிற்றுக்கிழமை பழமலைநாதர் கோயிலில் நின்று நான் வேண்டிக்கொண்டதைச் சொன்னால் சிரிப்பீர்கள். "சாமி, எண்ணூற்றித் தொண்ணூறு ரூபாய் கொடுத்து நான் வாங்கின ஒயர் டூப்ளிகேட்டா இருக்கணும்."

வாங்கின சரக்கு நல்லதாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. டூப்ளிகேட்டாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இதை எழுதும்போதும் படபடப்பு முழுசாக அடங்கவில்லை... முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நித்யா பிளஸ் ஒன் படிக்கிறாள். நாலு மாசத்துக்கு முன்னால் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் ரெண்டும் உப்பி, பத்து நாள் கஞ்சியில் கிடந்து எழுந்தாள். கடைசியாகக் காட்டப் போனபோது டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். எப்போதாவது ஒருத்தருக்கு இது காதைப் பாதிக்கும், கேட்கிறதில் வித்தியாசம் தெரிந்தால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று.

எப்போதாவது ஒருத்தருக்கு என்றுதான் சொன்னார். அந்த ஒருத்தர் நம் வீட்டில்தான் இருக்கிறார் என்று முடிவு கட்டாமல் இருக்க என்னால் முடியுமா?

அன்றிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் ஸ்பூனைக் கீழே போடுவது, அடுத்த ரூமில் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்வது என்று ஏதேதோ செய்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தாள் என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

அப்படியிருக்க... வெள்ளிக்கிழமை சாயங்காலம். கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவள், ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, இடது பக்கம் கேக்கல."

கையிலிருந்த டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

ஹெட்போனை வாங்கி நீங்களே காதில் வைத்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். அரை நிமிஷ வேலை. செய்யவில்லை. எனக்கு ரெண்டு பக்கமும் கேட்டுவிட்டால்? அதற்கப்புறம் எதைச் சொல்லி மனசைத் தேற்றிக்கொள்வது?

அதனால் பழியை ஒயர்மேல் போட்டேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் பெட்டி தரையில் இருக்கிறது. ஹெட்போன் ஒயர் எட்டாது. நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டிருக்கிறோம். அதுதான் கெட்டிருக்கும். அதுவேதான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடலூர் ரோட்டில் புதுசாகத் திறந்திருக்கிற ஏசி ஷோரூம். டை கட்டின ஒருவர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே ஒயர், வளைத்துப் படுக்க வைத்திருந்தது. ரெண்டு முனையும் தங்க நிறம். கோல்டு பிளேட்டட் என்றார். விலையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினேன். யாருக்கு சார் என்றார். பொண்ணுக்கு என்றேன்.

"அப்ப யோசிக்காதீங்க சார். காது விஷயம்."

எல்லோரிடமும் சொல்கிற வசனமாகத்தான் இருக்கும். அது என்னை எங்கே போய்க் குத்தியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எண்ணூற்றித் தொண்ணூறை எடுத்துக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை.

இத்தனைக்கும் நான் பீங்கான் பொம்மை யூனிட்டில் பதினெட்டு வருஷமாக ஆபீஸ் பார்க்கிறவன். நம் ஊர்ச் சூளையில் வெந்த பிள்ளையார் எங்களிடமிருந்து என்ன விலைக்குக் கிளம்புகிறார், சென்னைக் கடையில் கண்ணாடி அலமாரியில் ஏறி, தலைக்கு மேலே ஒரு பல்பு எரிந்ததும் என்ன விலை ஆகிறார் என்று தெரிந்தவன். அந்த ஷோரூமில் எத்தனை பல்பு எரிந்தது தெரியுமா?

வீட்டுக்கு வந்து ஒயரை மாட்டினேன். நித்யா ஹெட்போனை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"இப்பவும் கேக்கலப்பா."

மேலே ஏதோ சொல்ல வந்தாள். நான் நிற்கவில்லை. கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

சனிக்கிழமை முழுக்க மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. ஞாயிறு காலை கோயில், அந்த வேண்டுதல். ஒயர் கெட்ட ஒயர் என்றால் காது நல்ல காது. என் கணக்கு அவ்வளவுதான்.

கோயிலிலிருந்து நேராகக் கடைத்தெரு. அங்கே கலா என்கிற பெண்மணி ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் உண்டு. என் வயசு இருக்கும். ஒயரை மேஜைமேல் வைத்தேன். இது நல்லதா, டூப்ளிகேட்டா?

மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"ஒயரு நல்ல ஒயருதாங்கண்ணே. ஒரு கொறையும் இல்ல. எவ்ளோக்கு வாங்குனீங்க?"

சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. டிராயரை இழுத்து அதே மாதிரி ஒரு ஒயரை எடுத்துப் போட்டார். பெட்டி இல்லை, ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. முனையில் மஞ்சள் இல்லை. நாற்பது ரூபாயாம். டிவி வாங்குகிறவர்கள் பத்துக் கடை ஏறி இறங்கிப் பேரம் பேசுவார்கள், அதில் ஷோரூம்காரருக்குப் பெரிசாக நிற்காது, ஒயருக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள், பில் போடுகிறபோது கூடவே போட்டுவிடுவார்கள் என்றார்.

"லாபமெல்லாம் அந்த ஒயருலதாங்கண்ணே ஓடுது, கரண்டு மாதிரி."

எனக்கு எதுவும் ஏறவில்லை. ஒயர் நல்ல ஒயர். அப்படியென்றால்... கண் கலங்கிவிட்டது.

கலா பயந்துபோனார்.

"வுடுங்கண்ணே. இந்தக் காசுக்குப் போயி அழுவாங்களா? பில்லு இருக்குதில்ல? குடுங்க, நானே போயி கேக்கறேன்."

பக்கத்துக் கடையில் டீ சொன்னார். டம்ளர் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீக்கம், டாக்டர் சொன்னது, இடது பக்கம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த ஹெட்போன நீங்க வெச்சிக் கேட்டுப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"பொண்ணையாவது கேட்டுப் பாத்தீங்களா, என்னாதான் ஆச்சுன்னு?"

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல வூட்டுக்குப் போயி கேளுங்கண்ணே."

போனேன். எதுவும் சொல்லாமல் ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன். மவுஸ் நான் சொன்ன இடத்துக்கு வரவில்லை. நித்யாதான் பாட்டைப் போட்டுவிட்டாள்.

வலது காதில் தவில் வெளுத்து வாங்கியது. இடது காதில்... ஒன்றுமில்லை. துளிச் சத்தம் இல்லை. அப்படியொரு அருமையான ஒன்றுமில்லையை நான் இதுவரை கேட்டதில்லை.

"எனக்கும் கேக்கலம்மா" என்றேன். கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது, சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கும்தான் கேக்கல. நீங்க ஷோரூமுக்குப் போயிருந்தப்பவே போட்டுப் பாத்தாச்சு. ஹெட்போன்ல கம்பி வுட்டுப் போச்சுப்பா. இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க?"

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. கிண்டல் நின்றுபோய், பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா அப்பவே சொல்லல?" என்றேன்.

"நீங்க எங்க கேட்டீங்க?"

நியாயம்தானே? சத்தம் வராவிட்டாலும் கேக்கல. காது மந்தமானாலும் கேக்கல. விசாரிக்காமல் விட்டாலும் கேக்கல. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை. நான் மகளையும் கேட்கவில்லை, ஷோரூமில் ஏன் இந்த விலை என்றும் கேட்கவில்லை. பயந்தவன் எதையும் கேட்பதில்லை... கொடுத்துவிட்டு வந்துவிடுகிறான்.

கலா பதினைந்து ரூபாயில் ஹெட்போனைப் பற்றவைத்துக் கொடுத்தார். மனசு கேட்காமல் மறுநாள் டாக்டரிடமும் காட்டினேன். ரெண்டு காதும் நன்றாக இருக்கிறது என்றார். திரும்பும்போது ஆட்டோவில் நித்யா சொன்னாள்.

"அப்பா, இனிமே பின்னாடி நின்னு ஸ்பூன் போடாதீங்க. நாலு மாசமா கேக்குது."

அந்தப் பில்லைக் கலா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஷோரூமில் போய் ஒரு பிடி பிடிக்க. எனக்குத்தான் கொடுக்க மனசில்லை. ரெண்டு காதுக்கு எண்ணூற்றித் தொண்ணூறு என்றால், ஒரு காது நானூற்று நாற்பத்தைந்துதானே ஆகிறது... சீப்தான்.