வேலிக்கு உள்ளே நட்ட கம்பு

பாறசாலைப் பக்கம் எங்கள் ஊரில் சுகிர்தபாயைப் பற்றிக் கேட்டால், தம்பிக்கு விஷம் கொடுத்துக் கொன்றவள் என்று இன்றும் சொல்வார்கள். சொல்கிற நாக்கு அழுகிப் போகட்டும். அந்த விஷம் சத்யபாமாவாகிய நான் கொடுத்த நடவுக் கம்பில் விளைந்தது.

அவள் ஓலை முடைந்து பிழைத்தவள். தாய் தகப்பன் போனபிறகு தம்பி சுந்தரதாஸை வளர்த்ததும் அவள்தான். சனிக்கிழமை விடிந்தால் ஓலையைத் தூக்கிப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு சர்ச்சுக்குப் பின்னால் கிடந்த தரிசுக்குப் போவாள். கூடத் தம்பியும் நாலைந்து பேரும் போவார்கள். யாருக்கும் கூலி கிடையாது. அங்கே விளைந்த மரச்சீனி என்கிற மரவள்ளியும் சேனையும் நோயாளி வீட்டுக்கும் அடுப்பு எரியாத வீட்டுக்கும் போகும். சர்ச்சுக்கு வராத வீடு என்று அவள் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் எங்கள் பானையில் வெந்தது அவள் கொடுத்த கிழங்குதான்.

கார்த்திகையில் நடவு. வீட்டுக்கு ஒரு கட்டு மரச்சீனிக் கம்பு கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் வைத்த வழக்கம். இனிப்புக் கம்பை உள்பாத்தியில் நடுவார்கள். கசப்புக் கம்பு வேலியோரத்துக்குப் போகும், பெருச்சாளி கடித்துப் பார்த்துத் திரும்பிப் போவதற்காக. கசப்புக் கிழங்கை இரண்டு முறை கொதிக்கவைத்து வடித்தால்தான் தின்னலாம். பச்சையாகத் தின்றால் ஆளையே கொல்லும். என்னிடம் நல்ல கம்பும் இருந்தது. அதைச் சந்தைக்கு ஒதுக்கிவைத்துவிட்டுக் கசப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அற்பப் புத்தி, வேறென்ன? இனிப்பா என்று சுகிர்தபாய் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். எட்டு மாதம் தின்ற வீட்டிலிருந்து கசப்பைக் கொண்டுவந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்ல? ஆமாம் என்றேன். கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்பாத்தி மூலையில் நட்டாள்.

மறு வருஷம் ஆடி மாதம், ஐம்பத்து நாலில், மலையாளப் பக்கம் இருந்த எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்களை மார்த்தாண்டத்தில் போலீஸ் சுட்டது. சுந்தரதாஸும் போயிருந்தான். குண்டுக்குத் தப்பி வந்து, வெள்ளறடை போகிற வழியில் ஒரு பாறை இடுக்கில் ஒளிந்தான். புகை தெரிந்தால் பிடிபடுவான் என்பதால் தீ மூட்ட வழியில்லை. சுகிர்தபாயின் முற்றத்தில் போலீஸ்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று நாளாக அவன் பட்டினி.

நாலாம் நாள் காலையில் நான் புல்லறுக்கப் போனபோது தோட்டத்து வேலிக்குள்ளிருந்து சுகிர்தபாய் கூப்பிட்டாள். மத்தியானம் போலீஸ் மலையில் தேடப்போகிறதாம். அதற்குள் வயிற்றில் ஏதாவது விழுந்தால்தான் அவன் நடந்து தப்பமுடியும். அவன் கிடக்கிற பாறையை அடையாளம் சொல்லி, தோல் சீவிய கிழங்கை என் கூடையில் போட்டுப் புல்லால் மூடினாள். அவித்துக் கொண்டுபோகிறேன் என்றேன். நேரமில்லை, பச்சையாகவே தின்பான் என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயிலிட்டு அரைக்கக்கூடப் பொறுக்காமல் அவன் விழுங்கினான். திரும்பி வந்து, தின்றுவிட்டான் என்று அவளிடம் சொன்னேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றாள். போலீஸ்காரர்கள் பாத்தியெல்லாம் பிடுங்கித் தின்று தீர்த்ததில் உள்பாத்தி மூலையில் நின்ற அந்த நாலு மூடுச் செடிதான் மிஞ்சியிருந்தது என்றும் சொன்னாள்.

என் கசப்புக் கம்பை நட்ட மூலை அது. பாறைக்கு ஓடினேன். வாந்தியில் கிடந்தான், எழுந்திருக்க முடியவில்லை. திரும்ப ஓடிவந்து, சுந்தரதாஸ் சாகக் கிடக்கிறான் என்றேன். மூன்று நாள் மறைத்து வைத்த தம்பியை அவளே போலீஸிடம் ஒப்படைத்தாள். “சாரே, எனக்க தம்பி மலையில கெடக்கான். பிடிச்சிட்டுப் போங்க. ஆனா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்க” என்று காலில் விழுந்தாள். கட்டிலில் போட்டுத் தூக்கினார்கள். பாதி வழியிலேயே உயிர் போயிற்று.

கிழங்கு கொடுத்தது யார் என்று விசாரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், தோண்டியதும் சீவியதும் கொடுத்ததும் தானேதான் என்று சுகிர்தபாய் சொல்லிவிட்டாள். அன்றோடு அவளுக்கு அந்தப் பெயர் விழுந்தது. இரண்டு வருஷத்தில் எல்லை போட்டபோது நாங்கள் கேரளத்திலேயே நின்றுவிட்டோம். அவன் எதற்காகச் செத்தான் என்று கேட்கக்கூட ஆளில்லை. அவள் மட்டும் சனிக்கிழமை தவறாமல் தோட்டத்துக்குப் போனாள். விளைந்ததைக் கொண்டுபோனால் பல வீடுகளில் வாங்காமல் கதவைச் சாத்தினார்கள்.

ஒருநாள் தாங்கமுடியாமல் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் ஓலை முடைவதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும் அக்கா. கணுவப் பாத்தா தெரியாதா? நாலு பேருக்க முன்னால உங்களுக்கு வெக்கக்கேடு ஆவப்பிடாதுண்ணாக்கும் உள்ளால நட்டேன். பறிக்கும்போ நானே அவிச்சு வடிச்சுக் கொடுக்கலாம்ணு இருந்தேன். அண்ணு அவசரத்துல மறந்துபோச்சு.”

அன்று அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். பாவி, திட்டவே இல்லை.