இரண்டு டிரான்சிஸ்டர் கம்பெனிகளும் செம்பூர் வீடும்

அறுபதுகளின் கடைசியில் எங்கள் பம்பாய் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. ஒரு செக்‌ஷன் முழுக்கச் செய்யும் வேலையை அது ஒன்றே பார்த்துவிடுமாம். யூனியன்காரர்கள் வாசலில் கோஷம் போட்டார்கள். நானும் போட்டேன். தொண்டை கத்திக்கொண்டிருக்கும்போதே புத்தி வேறு பக்கம் ஓடியது. என் நாற்காலியைப் பிடுங்கப்போகிற யந்திரத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டுமே!

அந்த யந்திரத்தின் உயிர் டிரான்சிஸ்டர். பயறு அளவுச் சாமான். அதைச் செய்யும் இரண்டு கம்பெனிகள் அப்போது ஷேர் வெளியிட்டிருந்தன. ஒன்று, ரேடியோவுக்கு வால்வு செய்துகொண்டிருந்து இதற்கு மாறிய பழைய கம்பெனி. மற்றது, வெளிநாட்டுக் கூட்டோடு தொடங்கிய புதுக் கம்பெனி. இரண்டின் அறிக்கைகளையும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டே படித்தேன். ஆபீசில் எவனுக்கும் தெரியாத விஷயம் எனக்குத் தெரிகிறது என்ற கர்வம் எனக்கு இருந்தது. அதை மறைப்பானேன்?

போடுவதற்கு இருந்தது ஒரே பணம். செம்பூரில் கட்டிக்கொண்டிருந்த கூட்டுறவு வீட்டு சொசைட்டியில் இரண்டு அறை வீட்டுக்கு முன்பணமாக நானும் மனைவியும் சேர்த்தது. மாட்டுங்காவில் எங்களுக்கு ஒற்றை அறை. அடுப்பு, படுக்கை, தொட்டில் எல்லாம் அதற்குள்தான். முன்பணம் கட்ட இரண்டு வருஷம் தவணை இருந்தது. அதற்குள் பணம் இரட்டிப்பாகிவிடும் என்று அடித்துச் சொன்னேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"காகிதத்தைப் பாத்து மட்டும் போட வேண்டாம். அந்தச் சாமானைக் கையால தொடறவா யாரையாவது கேளுங்கோ."

நியாயமாகத்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் தாராவிக்குப் போனோம். எங்கள் ரேடியோவை ரிப்பேர் செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் அங்கே கடை வைத்திருந்தார். ரேடியோவிலிருந்து கழற்றிய செத்த டிரான்சிஸ்டர்களைத் தூக்கிப் போடாமல், கம்பெனிவாரியாக பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைப்பது அவர் வழக்கம். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். பழைய கம்பெனியின் டப்பா விளிம்புவரை நிறைந்திருந்தது. புதுக் கம்பெனியின் டப்பாவில் இரண்டே இரண்டு கிடந்தன.

"பாத்துக்கிடுங்க சார். நான் கழட்டுனது பூராவும் இதுல கெடக்கு."

இதற்குமேல் என்ன வேண்டும்? நிறைந்த டப்பா கெட்ட சரக்கு, காலி டப்பா நல்ல சரக்கு. எந்த ஷேர் தரகனுக்கு இப்படி ஒரு யோசனை வரும்! என் தோளை நானே தட்டிக்கொள்ளாத குறை. மனைவி அவர் பக்கம் திரும்பி, "அந்தப் புதுக் கம்பெனி சாமான் போட்ட ரேடியோ..." என்று ஆரம்பித்தாள்.

"போதும், வா. வெயில் ஏறறது" என்று அவளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாளே அத்தனை பணத்தையும் புதுக் கம்பெனியில் போட்டேன். ஒன்றரை வருஷத்தில் அது கதவைச் சாத்தியது. பழைய கம்பெனியின் ஷேரோ ஏறிக்கொண்டே போனது. கோபம் தாளாமல் நேராகத் தாராவிக்குப் போய், "நீங்க காட்டின டப்பாவை நம்பித்தானே போட்டேன்?" என்று கத்தினேன்.

அவர் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். "பம்பாயில ஓடுத ரேடியோவுல முக்காவாசி பழைய கம்பெனி சாமான்தான் சார். அதான் டப்பா நெறஞ்சுது. புதுசு போட்ட ரேடியோ எங்கிட்ட வந்ததே ரெண்டுதான். ரெண்டுலயும் அந்தச் சாமான்தான் செத்துக் கெடந்துச்சு. எத்தனை வந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் மனைவியிடம் சொன்னேன். செம்பூர் வீடு இனி இல்லை என்பதையும் சொன்னேன். கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். சாதத்தை வடித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"பணம் போனா போறது. நாம ரெண்டு பேரும் இருக்கோம், சேத்துக்கலாம். அன்னிக்கு நான் அதைத்தான் கேக்க வாயெடுத்தேன். வெயில் ஏறறதுன்னேளே. அப்போ காலம்பற எட்டு மணிதான்."

எனக்கு அவமானமாக இருந்தது. கம்பெனி முழுகியபோதுகூட அப்படி இருக்கவில்லை.